முதல் வாடகை வீடு: குடிவருகிறவரை முதலில் முடிவு செய்யுங்கள்

கையில் இருபது முப்பது லட்சம் சேர்ந்துவிட்டால் நம் ஊரில் அடுத்த பேச்சு அநேகமாக ஒன்றுதான்: "ஒரு வீட்டை வாங்கிப் போட்டுடலாம், மாசாமாசம் வாடகை வரும்." ஓய்வுபெற்ற ஆசிரியரின் பணிக்கொடை, வளைகுடாவிலிருந்து திரும்பியவரின் சேமிப்பு, பூர்வீக வயலை விற்றதில் வந்த பங்கு எல்லாம் இந்தப் பேச்சில்தான் போய் முடிகின்றன. வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்கிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள், கார் நிறுத்த இடம் உண்டா என்று பார்க்கிறார்கள். அங்கே யார் குடிவருவார், அவர் சம்பளம் என்ன, எத்தனை ஆண்டு இருப்பார் என்ற கேள்விகள் பத்திரம் பதிந்து, "டூ-லெட்" பலகையை மாட்டிய பிறகுதான் வருகின்றன.

இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது. முதலில் குடிவருகிறவர், அடுத்து தெரு, கடைசியில்தான் வீடு. தமிழ்நாட்டில் ஒன்று அல்லது இரண்டு வீட்டோடு தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது. பத்துப் பதினைந்து வீடு கட்டி வாடகைக்கு விடுவது வேறு தொழில், அதற்கு வேறு புத்தகம் வேண்டும்.

முதலில் ஒரு தாளில் கணக்கு

புறநகரில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் கூடுதல் வரியும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன்பு பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அது குறைக்கப்பட்ட கையோடு அரசின் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டுவிட்டதால், குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட அதிகம் இல்லை. முழு விலைக்கும் பதிந்தால் நாலரை லட்சம். தரகருக்கு 1 சதவீதம் என்றால் அரை லட்சம். வக்கீல் கருத்து, வெள்ளையடிப்பு, உடைந்த குழாய், மின்விசிறி என்று இன்னொரு லட்சம். ஆக 56 லட்சம்.

இந்த ஃப்ளாட்டுக்கு 16,000 வாடகை கிடைக்கிறது. 12 மாதமும் ஆள் இருப்பார் என்று கணக்குப் போடாதீர்கள். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். 11 மாதத்துக்கு 1,76,000 ரூபாய். சொத்து வரி 4,000, பழுதுபார்ப்புக்கு 12,000 கழித்தால் 1,60,000. போட்ட 56 லட்சத்துக்கு இது 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

இதையே கடன் வாங்கிச் செய்தால்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். 40 லட்சம் கடன் என்றால் கையிலிருந்து 16 லட்சம் போகிறது. எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700. வாடகையில் கழிவு போக மாதம் 13,300 வருகிறது. மீதி 21,400 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். "வாடகையே தவணையைக் கட்டிடும் சார்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் இந்தத் தாளை நீட்டிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல் முதல் மாடியில் 650 சதுர அடிக்கு ஒரு போர்ஷன் எடுக்கிறீர்கள். சதுர அடிக்கு 2,300 வீதம் கிட்டத்தட்ட 15 லட்சம். தனிப் படிக்கட்டு, மின் இணைப்பு, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு லட்சம். 9,000 வாடகை, 11 மாதத்துக்கு 99,000. செலவு 12,000 போக 87,000. போட்ட 16 லட்சத்துக்கு ஐந்தரை சதவீதம் வருகிறது. நிலத்தின் விலையைச் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். அந்த நிலத்தில் நீங்கள் எப்படியும் குடியிருக்கத்தான் போகிறீர்கள், மாடி சும்மா வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. அஸ்திவாரம் தாங்குமா என்று ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மேஸ்திரியின் வாய்வார்த்தை போதாது. அனுமதியும் எடுக்க வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் மாடி என்று கட்டும் குடியிருப்புகளுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையவழியிலேயே அனுமதி கிடைக்கிறது. ஏற்கெனவே நிற்கும் வீட்டின் மேல் எடுக்கும் மாடிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மேலே சொன்ன விலைகளும் வாடகைகளும் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் எண்ணைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகு ஒப்பிட இன்னொரு எண் வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமானது. போடக்கூடிய உச்ச வரம்பும் அப்போதுதான் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. ஓய்வுபெற்றவர் ஒருவர் மாத வருமானத்துக்காக மட்டும் ஃப்ளாட் வாங்குகிறார் என்றால், அஞ்சலகத்துக்கு ஒருமுறை போய்விட்டு வந்து முடிவெடுப்பது நல்லது. "நிலம் விலை ஏறுமே" என்பது உண்மைதான். விலை ஏறுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் மனையாக வாங்கிப் போடுங்கள், அது நேர்மையான கணக்கு. வாடகைக்காக வாங்குவதை நில விலையைச் சொல்லி நியாயப்படுத்த ஆரம்பித்தால் எந்த மோசமான வீடும் நல்ல முதலீடாகத் தெரியும்.

என் கருத்தில் தொடக்கக்காரருக்கு முதல் வாடகை வீடு அவர் குடியிருக்கும் வீட்டின் மாடியோ பின்கட்டோதான். அது இல்லாதவர்கள், நடந்தோ இருசக்கர வண்டியிலோ அரைமணி நேரத்தில் போய்வரக்கூடிய தூரத்தில் தேடட்டும். திருச்சியில் இருந்துகொண்டு ஓசூரில் வாடகை வீடு வைத்திருப்பவர், குழாய் ஒழுகினால்கூடப் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

யாருக்காக இந்த வீடு?

கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பீளமேட்டில் கல்லூரிகள், பக்கத்திலேயே விமான நிலையமும் டைடல் பார்க்கும். அங்கே மாணவர்களும் முதல் வேலையில் சேர்ந்த இளைஞர்களும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வீடு எடுப்பார்கள். வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வதால் குடும்பம் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே கொடுப்பார்கள். இரண்டு ஆண்டில் போய்விடுவார்கள், சுவரில் ஆணி ஓட்டை இருக்கும், ராத்திரி சத்தம் இருக்கும். சரவணம்பட்டியில் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் வருவார்கள். கணவன் மனைவி இருவருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்ய இடம் வேண்டும், நல்ல இணைய இணைப்பு வேண்டும், சமையலறை சிறியதாக இருந்தாலும் சகித்துக்கொள்வார்கள். சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் குறிச்சியில் பட்டறைத் தொழிலாளியின் குடும்பம் வரும். வாடகை குறைவு, ஆனால் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டால் பத்து ஆண்டுகூட நகராமல் இருப்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்தவர்களுக்கு ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடு போதும், கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால் சரி.

ஒரே ஊர்க்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும்தான். ஆனால் இவர்களுக்கு வேண்டியது ஒரே வீடு இல்லை. பேச்சிலர்களுக்கு ஒரு ஹாலைவிட இரண்டு குளியலறை முக்கியம். பட்டறைத் தொழிலாளியின் மனைவிக்குத் துணி காயப்போட இடமும் துவைக்கும் கல்லும் முக்கியம். வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர் மாடியே வேண்டாம் என்பார். நீங்கள் யாரை எதிர்பார்க்கிறீர்கள் என்று முடிவான பிறகுதான் எந்த வீடு நல்ல வீடு என்று சொல்ல முடியும். இத்தாலிய மார்பிள் போட்ட ஃப்ளாட்டைப் பட்டறைத் தெருவில் வாங்கினால் மார்பிளுக்கு யாரும் வாடகை தர மாட்டார்கள்.

ஒரே முதலாளியை நம்பி மொத்தப் பணத்தையும் போடுவதும் ஆபத்து. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆலை நின்றால் அதைச் சுற்றிக் கட்டிய அறைகளுக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆலை மூடாமலே வாடகைச் சந்தை மாறுவதும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைக் கட்ட, அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்தப் பெண்களை மனதில் வைத்து அறை கட்டியவர்கள் தங்கள் கணக்கைத் திரும்ப எழுத வேண்டியதுதான். ஒரு தெருவுக்கு ஆலை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் என்று இரண்டு மூன்று காரணங்களுக்காக ஆட்கள் வருவார்கள் என்றால் அந்தத் தெருதான் நமக்கு வேண்டிய தெரு.

தெருவை இருமுறை பாருங்கள்

ஒருமுறை மே மாதத்தில், இன்னொரு முறை ஐப்பசி கார்த்திகையில். மே மாதத்தில் தண்ணீர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று தெரியும். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லாமல் வீட்டை மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. போர் தண்ணீர் எத்தனை அடியில், உப்பா நல்ல தண்ணியா, குடிநீர்க் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். மழைக்காலத்தில் போனால் எந்த வாசலில் மணல்மூட்டை அடுக்கியிருக்கிறது என்று தெரியும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் வாங்க நினைப்பவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் புதுப் பெயின்ட் மறைத்துவிடும், தெருமுனை மளிகைக் கடைக்காரர் மறக்க மாட்டார்.

அதோடு வாடகை விசாரிப்பது. நீங்களே வாடகைக்கு வீடு தேடுகிறவராக அந்தத் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து வாருங்கள். எத்தனை "டூ-லெட்" பலகை தொங்குகிறது, எவ்வளவு கேட்கிறார்கள், எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் ஆறேழு பலகை தொங்கினால் அங்கே வாங்காதீர்கள். பலகையே இல்லாத தெருவில், வீடு காலியாவதற்கு முன்பே சொந்தக்காரர் யாரையாவது சொல்லி வைத்திருப்பார். அங்கேதான் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் யோசிக்கலாம்.

காகிதங்கள்

பத்திரச் சோதனைக்கு இந்தப் புத்தகத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. இங்கே நினைவூட்டல் மட்டும். மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய சொந்தக்காரர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃப்ளாட் என்றால் நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டப்படும் புதிய திட்டத்துக்கு ரெரா (மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கட்டாயம். மனை என்றால் அங்கீகாரம் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள், அதற்குப் பின் உருவானவற்றுக்கு அந்த வழி கிடையாது. பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சின்ன மனைக்கு உதவும்.

அட்வான்ஸ், ஒப்பந்தம், ஒத்தி

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். வாடகைச் சட்டம் அதை மாற்றப் பார்த்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது, குடியிருப்பவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு அரசு இணையதளமும் உண்டு. பலர் இன்னமும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதி மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும் என்பதிலிருந்து தப்பிக்க வந்த பதினோரு மாதம் அது. இப்போதைய சட்டத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு வேண்டும். தகராறு வரும் நாளில் பீரோத்தாள் உங்களுக்குக் கை கொடுக்காது.

சட்டத்தைவிட முக்கியமான ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அட்வான்ஸ் உங்கள் பணமில்லை. பல சொந்தக்காரர்கள் அதை வாங்கிய அன்றே மாடிக்குக் கம்பி வாங்கிவிடுகிறார்கள், அல்லது பெண்ணின் கல்யாணச் செலவில் சேர்த்துவிடுகிறார்கள். குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்றதும் கையைப் பிசைந்துகொண்டு, "அடுத்த ஆள் வந்து கொடுத்ததும் தர்றேன் தம்பி" என்கிறார்கள். அவசரத்தில் வருகிற முதல் ஆளுக்கே வீட்டை விட்டுவிடுவார்கள். தவறான ஆளைக் குடிவைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. முன்பணத்தை அப்படியே வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு மறந்துவிடுங்கள்.

மதுரை, திருநெல்வேலிப் பக்கம் ஒத்தி கேட்டு வருவார்கள், சென்னையில் அதற்குப் பெயர் லீஸ். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டு, போகும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்கு இது வட்டிக்குப் பதில் வீட்டைக் கொடுத்து வாங்கும் கடன். கெடு முடியும் நாளில் அந்தப் பெருந்தொகையைப் புரட்ட முடியாதவர்கள் அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைவார்கள். வங்கிக் கடன் நிலுவையில் இருக்கும் வீட்டை ஒத்திக்கு விடுவது உள்ளே குடிவருகிறவருக்கும் கண்ணி. வாடகை வருமானத்துக்காகத் தொடங்குகிறவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆள் பார்ப்பது

வீட்டுக்காரர்கள் போடும் நிபந்தனைகளைப் பார்த்தால் சம்பந்தம் பேசுகிறார்களோ என்று தோன்றும். சைவம் மட்டும், எங்க ஆளுங்க மட்டும், பேச்சிலர் கூடாது, சின்னக் குழந்தை கூடாது, நாய் கூடாது. சாதியையும் மதத்தையும் கேட்டு வீடு விடுவது அநியாயம் என்பது ஒருபுறம். கணக்காகப் பார்த்தாலும் ஒவ்வொரு நிபந்தனையும் வரக்கூடிய ஆட்களில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறது. வீடு கூடுதலாக ஒரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. 9,000 வாடகை வீட்டுக்கு 9,500 கேட்டு ஒரு மாதம் காத்திருந்தால், அந்த 500 ரூபாயால் இழப்பை ஈடுகட்ட 18 மாதம் ஆகும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியானால் ஆவணி வரை பூட்டு தொங்கும். ஒப்பந்தம் முடியும் மாதத்தை எழுதும்போதே பஞ்சாங்கத்தையும் பள்ளி திறக்கும் ஜூனையும் மனதில் வையுங்கள்.

கேட்க வேண்டியவை சில. எங்கே வேலை, சம்பளம் கையில் எவ்வளவு வருகிறது, அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை அடங்குகிறதா, முந்தைய வீட்டை ஏன் காலி செய்கிறார். ஆதார் நகலும் அலுவலக அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரப் படிவம் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய வீட்டுக்காரரிடம் போனில் பேசுங்கள். "ஏனுங்க, உங்க வீட்ல இருந்தவரு எங்க வீட்டுக்கு வர்றாருங்க, மாசம் பொறந்தா வாடகை வந்துருமாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். பதிலில் தயக்கம் இருந்தால் புரிந்துவிடும். ரொம்பப் புகழ்ந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள், சீக்கிரம் காலி செய்யட்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

ஒழுங்காக வாடகை தருகிறவர் கிடைத்துவிட்டால் சந்தை வாடகையைவிட ஐந்நூறு ரூபாய் குறைவாக வந்தாலும் அவரை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் மனஸ்தாபமான பேரம் நடக்காது.

குடிவந்த பிறகு

மின்சாரம்தான் அதிகச் சண்டையைக் கொண்டுவருவது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் நான்கு போர்ஷனையும் மாட்டி, சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் பத்து ரூபாய் என்று வசூலிக்கிற வீட்டுக்காரர், அந்த இலவசத்தைக் குடியிருப்பவரிடமிருந்து பறிக்கிறார், அவர் அதை மறக்கவே மாட்டார். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். தொடக்கத்தில் ஆகும் செலவு நிம்மதியாகத் திரும்ப வரும். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகும் பொதுக் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள்.

அடுத்த சண்டை வெள்ளையடிப்பது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட் செலவென்று கழிப்பது பரவலான பழக்கம். ஆறு மாதம் இருந்தவருக்கும் ஆறு ஆண்டு இருந்தவருக்கும் ஒரே கழிவு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? இரண்டு ஆண்டுக்குள் போனால் கழிவு, அதற்கு மேல் இருந்தால் இல்லை என்பது போல ஏதாவது ஒரு நியாயமான ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். குடிவரும் நாளில் ஒவ்வொரு அறையையும் அவரோடு சேர்ந்து கைபேசியில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி எத்தனை, டியூப்லைட் எத்தனை, சாவி எத்தனை, மீட்டர் எண் என்ன எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வாடகை நின்றுபோனால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துகிற யோசனை உடனே வரும், உறவினர்களும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். செய்யாதீர்கள். அடிப்படை வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அந்த ஒரு செயலால் நீங்கள் சட்டத்தை மீறியவராகிவிடுவீர்கள். எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, அதற்கும் அசையாவிட்டால் வாடகை நீதிமன்றம் போவதுதான் வழி. ஒப்பந்தத்தைப் பதிந்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வரி

வாடகை வருமானத்தை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும்போது, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். ரசீது கொடுத்துவிட்டு ஒளித்துவைக்க முடியாது. ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை, கணக்கு அவ்வளவு கொடூரமானதில்லை. மேலே சொன்ன மாடிப் போர்ஷனில் 99,000 வாடகை வந்தது. நீங்கள் கட்டிய சொத்து வரி 3,000 என்றால் மிச்சம் 96,000. அதில் 30 சதவீதத்தை, அதாவது 28,800 ரூபாயை, பராமரிப்புக்கென்று எந்த ரசீதும் கேட்காமல் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். மீதி 67,200-தான் உங்கள் வருமானத்தோடு சேரும். கடன் இருந்தால் வட்டியையும் கழிக்கலாம்.

கடன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 50 லட்சம் ஃப்ளாட் உதாரணத்தில் முதலாண்டு வட்டி மட்டும் மூன்றேகால் லட்சத்துக்கு மேல் போகும், வரிக்குரிய வாடகையோ 1,20,400. வித்தியாசம் நஷ்டம். பழைய வரி முறையில் இந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்திலிருந்து கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து, நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான். "வாடகை கம்மியா இருந்தா என்ன, டாக்ஸ் மிச்சமாகுமே" என்ற பழைய ஆலோசனை பலருக்கு இன்று செல்லாது. வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வாடகைக்கு விடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாடகை கொடுப்பவர் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மூலத்தில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விகிதம் வழக்கமாக 30 சதவீதத்துக்கு மேல். குடியிருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு இந்தப் படிவ வேலையெல்லாம் தெரியாது. துபாயில் இருக்கும் மகன் பெயரில் வாங்கி, அப்பா வாடகை வாங்கிக்கொள்ளும் வீடுகளில் இது பெரும்பாலும் நடப்பதே இல்லை, நோட்டீஸ் வரும்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது வீட்டுக்கு எப்போது?

முதல் வீட்டுக்கென்று ஒரு தனி நோட்டுப் போடுங்கள், தனி வங்கிக் கணக்கும் தொடங்குங்கள். வந்த வாடகை, பூட்டிக் கிடந்த நாள், பிளம்பருக்குக் கொடுத்தது, சொத்து வரி எல்லாம் அதில் ஏற வேண்டும். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும், அதையும் எழுதுங்கள். ஒரு குடித்தனம் போய் இன்னொரு குடித்தனம் வரும் வரையாவது எழுதிப் பார்த்தால்தான் உண்மையான சதவீதம் தெரியும். அந்த எண் வாங்கும்போது தாளில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். ஆறு மாத வாடகையாவது செலவழியாமல் கணக்கில் நிற்க வேண்டும், முன்பணம் முழுதும் வைப்பு நிதியில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அடுத்த தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்கக் கிளம்பலாம். ஒன்று குறைந்தாலும் இன்னும் ஓராண்டு பொறுங்கள்.